போன் து கார் பாலத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் பிரான்ஸில் நீம் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால், பள்ளி விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டுக்கு ஆள் வரத்து தொடங்கிவிடும். பாரிஸ் சொந்தக்காரர்கள், லண்டன் சிநேகிதர்கள், ஊரிலிருந்து முதல்முறையாக வரும் பெரியவர்கள் என்று யார் வந்தாலும் போன் து கார் என்ற பழைய ரோமானியப் பாலத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வருவதற்கு முன் தொலைபேசியில் கேட்பதும் ஒரே கேள்விகள், வந்து பாலத்தடியில் நின்று கேட்பதும் ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

இது எங்க இருக்கு? பாரிஸ்லேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா?

நீம், அவிஞோன், யூசெஸ் ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவில், ரெமூலான் என்ற சிற்றூரை ஒட்டி, கார்டோன் ஆற்றின் மேல் இருக்கிறது. நீம், அவிஞோன் இரண்டிலிருந்தும் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். பாரிஸிலிருந்து அவிஞோனுக்கு அதிவேக ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்தோ நீமிலிருந்தோ பேருந்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்கள் ஏ9 நெடுஞ்சாலையில் ரெமூலான் என்று போட்டிருக்கும் 23ஆம் வழியில் இறங்க வேண்டும்.

ஒரே நாளில் முடியுமா என்றால் முடியும். ஆனால் அலுத்துப் போவீர்கள். ஒரு ராத்திரி தங்கினால் நீம் நகரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

இது ஆத்தைத் தாண்டுற பாலமா, தண்ணி போற பாலமா?

தண்ணீர் போன பாலம். யூசெஸ் பக்கத்தில் உள்ள எர் என்ற ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் கொண்டுபோக ரோமானியர்கள் சுமார் 50 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் மூடிய வாய்க்கால். வழியில் கார்டோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. அதைத் தாண்டுவதற்காக எழுப்பியதுதான் இந்தப் பாலம். வாய்க்கால் ஓடியது மூன்றாம் அடுக்கின் உச்சியில். நாம் நடந்து போகும் பாதை கீழே முதல் அடுக்கின் மட்டத்தில் இருக்கிறது, அது வேறு கதை.

இதைத் தெரிந்துகொண்டு போவது முக்கியம். வெறும் பாலமாகப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

யார் கட்டினது? எத்தனை வருஷம் ஆச்சு?

கி.பி. முதல் நூற்றாண்டு, ஏறக்குறைய 40க்கும் 60க்கும் இடைப்பட்ட காலம் என்று இப்போது கணக்கிடுகிறார்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா கி.மு. 19இல் கட்டினான் என்று பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்கும். அகழாய்வுக்குப் பிறகு அந்தக் கணக்கு கைவிடப்பட்டுவிட்டது. கட்டிய பொறியாளரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

உயரம் சுமார் 49 மீட்டர். ரோமானியர் கட்டிய நீர்ப்பாலங்களில் இன்று நிற்பவற்றில் இதுவே உயரமானது. கீழ் அடுக்கில் 6 வளைவுகள், நடு அடுக்கில் 11, மேலே சின்னச் சின்னதாக 35. மேல் அடுக்கில் முதலில் 47 இருந்தன. ஓரத்தில் இருந்த பன்னிரண்டு போய்விட்டன.

அங்க போய் என்னத்தைப் பார்க்கிறது? அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடுமாமே?

அரை மணியில் முடித்துக்கொண்டு போகிறவர்கள்தான் நிறைய. வண்டியை நிறுத்துவார்கள், பாலத்தின் மேல் நடந்து போய்ப் படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள். பாலத்தின் மேல் நின்றால் பாலம் தெரியாது என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். ஆறு வரும் திசையில், அதாவது மேற்குப் பக்கம், கூழாங்கல் கரையில் சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் மூன்று அடுக்கும் முழுதாகத் தெரியும். பிற்பகல் வெயில் அந்த முகத்தில் விழும்போது கல் மஞ்சள் பாரித்துக் கிடக்கும். பாலத்துக்கு ஒரு மணி, அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி, ஆற்றுக்கு உங்கள் இஷ்டம். அரை நாள் ஒதுக்கினால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

டிக்கெட் உண்டா? கார் எங்க விடணும்?

இரண்டு கரையிலும் கட்டண நிறுத்துமிடம் உண்டு. அருங்காட்சியகம், வழிகாட்டியோடு சுற்றுவது எல்லாவற்றுக்கும் கட்டணம் ஆண்டுக்காண்டு மாறுகிறது, பருவத்துக்கும் மாறுகிறது. அதனால் இங்கே தொகை எழுதவில்லை. கிளம்பும் முன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாருங்கள்.

இடது கரையா, வலது கரையா? ஜிபிஎஸ் ரெண்டையும் காட்டுது.

முதல்முறை என்றால் இடது கரை. அருங்காட்சியகம், சிற்றுண்டிக் கடை, கழிப்பறை எல்லாம் அங்கே. பாலத்துக்கும் சமதளமான பாதை. வலது கரை அமைதியாக இருக்கும். அங்கேதான் ஆயிரம் ஆண்டு வயது என்று சொல்லப்படும் ஆலிவ் மரம் இருக்கிறது, ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து நட்டது. எந்தக் கரையில் நிறுத்தினாலும் நடந்து மறுகரை போகலாம் என்பதால் இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. இடது கரை நிறுத்துமிடத்திலிருந்து சில நூறு மீட்டர் நடை, படி கிடையாது. சக்கர நாற்காலியும் போகும். ஆற்றங்கரைக்கு இறங்குவதுதான் சிரமம், கூழாங்கல் காலை வழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகல் வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை, அதனால் பெரியவர்களைக் காலையிலேயே கூட்டிவந்துவிடுங்கள். மற்ற மாதங்களில் மிஸ்ட்ரால் என்ற வடகாற்று வீசினால் பாலத்தின் மேல் நிற்கவே முடியாது. தொப்பி போடாதீர்கள், ஆற்றோடு போய்விடும்.

புளிசாதம் கட்டிக்கிட்டு வரலாமா?

கட்டிக்கொண்டு வாருங்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து எல்லாருமே சாப்பிடுகிறார்கள். அடுப்பு மட்டும் கூடாது, டீ போட மட்டும்தான் என்றாலும் கூடாது. சுற்றிலும் காரிக் என்று சொல்கிற வறண்ட புதர்க்காடு. கோடையில் ஒரு பொறி போதும்.

ஆத்துல குளிக்கலாமா?

கோடையில் ஊரே குளிக்கும். தண்ணீர் தெளிவாக, பல இடங்களில் இடுப்பளவுதான் இருக்கும். சில இடங்களில் திடீரென்று ஆழம் வரும், பிள்ளைகளைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாலத்திலிருந்தும் பாறையிலிருந்தும் குதிப்பது ஆபத்து. இளவட்டங்கள் குதிப்பதைப் பார்த்து நாமும் இறங்க வேண்டாம். மேலே கோலியாஸ் என்ற ஊரில் துடுப்புப் படகு வாடகைக்கு எடுத்து, சுமார் 8 கிலோமீட்டர் ஆற்றோடு வந்து பாலத்துக்கு அடியில் நுழைவதும் உண்டு. என்னைக் கேட்டால் இந்தப் பாலத்தைப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது.

இலையுதிர் காலம் வேறு. செப்டம்பர், அக்டோபரில் மேற்கே செவென் மலையில் மழை கொட்டினால், இங்கே வானம் வெளிறிக் கிடக்கும்போதே ஆறு சில மணி நேரத்தில் பல மீட்டர் ஏறிவிடும். எச்சரிக்கை அறிவித்திருந்தால் கரைப்பக்கமே போகாதீர்கள்.

அப்படி வெள்ளம் வந்தும் 2000 வருஷமா எப்படி நிக்குது? சிமெண்டே இல்லையாமே?

கீழே இரண்டு அடுக்கிலும் சாந்து கிடையாது என்பது உண்மைதான். கல்லைச் செதுக்கிப் பொருத்தி, எடையாலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். சில கற்கள் ஆறு டன் வரை கனம். வளைவின் கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு பாரத்தைத் தூணுக்கு இறக்கிவிடும், தூண் பாறைக்கு இறக்கிவிடும். மேல் அடுக்கில், தண்ணீர் ஓடிய வாய்க்காலில்தான் சுண்ணாம்புச் சாந்து பயன்படுத்தினார்கள், கசியக் கூடாது என்பதற்காக.

வெள்ளத்துக்கு அவர்கள் செய்த ஏற்பாட்டை ஆற்றங்கரையிலிருந்தே பார்க்கலாம். ஆற்றில் நிற்கும் தூண்களின் அடி, தண்ணீர் வரும் பக்கம் படகின் முனைபோலக் கூராக இருக்கும். அந்த முனை வெள்ளத்தைப் பிளந்து இருபக்கமும் தள்ளிவிடும். ஆறு ஓடும் இடத்துக்கு மேலே உள்ள வளைவு மற்றவற்றைவிட அகலம், 24 மீட்டருக்கும் மேல், தண்ணீர் தடையில்லாமல் போவதற்காக. 1958 வெள்ளத்தில் கீழ் அடுக்கு முழுகியே போனது. இதே ஆற்றில் வேறு பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. 2002 செப்டம்பரில் மறுபடி பெருவெள்ளம். கரையில் புதிதாகக் கட்டியிருந்த வசதிகள் நாசமாயின, பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுவர்ல அங்கங்க கல் துருத்திக்கிட்டு நிக்குதே, உடைஞ்சு போச்சா?

இல்லை, கட்டும்போதே வேண்டுமென்று விட்டவை. சாரத்தையும் வளைவுக்கு முட்டுக்கொடுக்கும் மரச்சட்டத்தையும் அவற்றின் மேல்தான் தாங்க வைத்தார்கள். வேலை முடிந்ததும் செதுக்கிச் சமமாக்கியிருக்கலாம், செய்யவில்லை. பின்னால் பழுதுபார்க்க உதவும் என்று விட்டிருக்கலாம்.

பக்கத்தில் போனால் இன்னொன்றும் தெரியும். வளைவுக் கற்கள் சிலவற்றில் எழுத்தும் ரோமன் எண்ணும் வெட்டியிருக்கும். முன்முகம், வலது, இரண்டாவது கல் என்ற மாதிரி குறிப்புகள். கல்லை வெட்டியது ஆற்றோடு கீழே சுமார் 700 மீட்டரில் உள்ள குழியில். அங்கேயே அளந்து செதுக்கி, எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கல்லை உற்றுப் பாருங்கள், சிப்பித் துகள்கள் கண்ணுக்கே தெரியும். கடலடியில் படிந்த சுண்ணக்கல் அது.

மேல ஏற முடியுமா?

உங்கள் பாட்டுக்கு ஏற முடியாது. பருவகாலத்தில் வழிகாட்டியோடு சிறு குழுக்களாக உச்சி வாய்க்காலுக்குள் அழைத்துப் போகிறார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். இடம் கிடைத்தால் விடாதீர்கள். அகலம் ஒன்றேகால் மீட்டர்தான் இருக்கும், உயரமானவர்கள் தலை குனிந்துதான் நடக்க வேண்டும். சுவரின் இருபக்கமும் ஒரு சாணுக்கு மேல் சுண்ணாம்பு படிந்து, பாதையே குறுகியிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் தண்ணீர் ஏன் நின்றது என்பது புரிந்துவிடும்.

ஏன் நின்னுச்சு? எதிரி உடைச்சானா?

யாரும் உடைக்கவில்லை, கவனிக்க ஆளில்லாமல் போனது. எர் ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் அடைக்கும். நான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு ரோமானிய ஆட்சி தளர்ந்தது, படையெடுப்புகள் வந்தன, வாய்க்காலைச் சுத்தம் செய்வது குறைந்தது. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் உபயோகம் நின்றுபோனதாகக் கருதுகிறார்கள்.

அப்புறம் கால்வாயின் மற்ற பகுதிகளிலிருந்து கல்லை ஊரார் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டார்கள். பாலம் தப்பியதற்குக் காரணம் பக்தியோ ரசனையோ இல்லை, காசு. முதல் அடுக்கின் மேல் மனிதரும் கழுதையும் ஆற்றைத் தாண்டினார்கள். பிரபுக்களும் ஆயர்களும் அதற்குச் சுங்கம் வசூலித்தார்கள், வசூல் நிற்காமலிருக்கப் பாலத்தைப் பழுது பார்த்தார்கள்.

நாம நடக்கிற ரோடும் ரோமானியர் போட்டதா? பார்த்தா ஒட்ட வச்ச மாதிரி இருக்கே?

சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். 1743க்கும் 1747க்கும் இடையில் ஆன்ரி பிட்டோ என்ற பொறியாளர், கீழ் அடுக்கை ஒட்டி, அதே அளவில், ஆறு போகும் பக்கம் கட்டிய சாலைப் பாலம் இது. மேற்கிலிருந்து பார்த்தால் இது தெரியாது, படத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது வந்ததே பழைய பாலத்தைக் காப்பாற்றத்தான். அதற்கு முன் வண்டி போக இடம் வேண்டும் என்று இரண்டாம் அடுக்குத் தூண்களையே குடைந்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டு மதச் சண்டையில் ரோஹான் பிரபு பீரங்கிகளைக் கடத்துவதற்காகத் தூண்களின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டியெடுத்தார். அதோடு பாலம் விழாமல் இருந்ததே பெரிய விஷயம். பின்னால் அடைத்துச் சரிசெய்தார்கள், 1850இல் வந்து பார்த்த மூன்றாம் நெப்போலியனும் பெரிய அளவில் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். பிட்டோவின் பாலத்தில் இப்போது கார் போக முடியாது, நடை மட்டும்தான்.

நேரா போனா 20 கிலோமீட்டர். எதுக்கு 50 கிலோமீட்டர் சுத்தணும்?

நடுவில் மலை. குடைவதைவிட சுற்றிக்கொண்டு போவது சுலபம் என்று முடிவு செய்தார்கள். தண்ணீர் தானாக ஓட வேண்டும், எங்கேயும் இறைக்க வழியில்லை. ஊற்றுக்கும் நீம் நகரத்துக்கும் உயர வித்தியாசம் 20 மீட்டர்கூட இல்லை. அதை 50 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரைச் சாண் இறக்கம்கூடத் தேறாது. பாலத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வித்தியாசம் இரண்டரை சென்டிமீட்டர், ஓர் அங்குலம்தான்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பாலத்துக்கு முன்னால் உள்ள பகுதியில் இறக்கத்தைக் கூட்டி, பாலத்துக்குப் பின்னால் குறைத்துவிட்டார்கள். சரிவை ஒரே சீராக விட்டிருந்தால் பாலம் இன்னும் பல மீட்டர் உயரமாக வேண்டியிருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்த வளைவுகளைவிடப் பெரிய விஷயம் இந்தக் கணக்குதான்.

மேலேர்ந்து எடுத்த படத்துல பாலம் லேசா வளைஞ்சிருக்கே? வெள்ளத்தைத் தாங்கத்தானே?

அப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சில வழிகாட்டிகள் இன்னும் சொல்கிறார்கள். 1989இல் நுட்பமாக அளந்து பார்த்தபோது காரணம் வெயில் என்று தெரிந்தது. பகலில் கல் சூடேறி விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். நூற்றாண்டுக் கணக்கில் அதுவே சேர்ந்து, ஆறு வரும் பக்கமாக வளைத்துவிட்டது.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைவிட இது பெருசா?

கன்னியாகுமரிக்காரர்கள் கேட்காமல் விட்டதில்லை. மாத்தூர் 115 அடி உயரம், இது 160 அடி. மாத்தூர் 1966இல் கட்டிய கான்கிரீட் பாலம், பாசனத்துக்கானது, அதில் தண்ணீர் இன்றும் ஓடும். வேலை ஒன்றுதான், பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத் தண்ணீரை அந்தப் பக்கம் சேர்ப்பது. மாத்தூரில் தொட்டியின் ஓரமாகவே நடந்து போகலாம், இங்கே அதற்கு முன்பதிவு. அந்த விஷயத்தில் மாத்தூருக்கே ஓட்டு.

சாத்தான் கட்டின பாலம்னு சொல்றாங்களே?

ஊர்க்கதை. கட்டக் கட்ட ஆறு அடித்துக்கொண்டு போனதாம். சோர்ந்துபோன கொத்தனாரிடம் சாத்தான் வந்து, ஒரே ராத்திரியில் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்றானாம். கொத்தனார் சரி என்றுவிட்டு வீட்டில் வந்து புலம்ப, மனைவி விடியற்காலையில் ஒரு முயலைப் பாலத்தில் விரட்டிவிட்டாளாம். ஏமாந்த கோபத்தில் சாத்தான் முயலைத் தூக்கிப் பாலத்தில் அடித்தான் என்று கதை. ஐரோப்பாவில் பல கல்பாலங்களுக்கு இதே கதை உண்டு, முயலுக்குப் பதில் சில ஊரில் நாய், சில ஊரில் ஆடு.

கல்லுல நிறைய பேர் செதுக்கியிருக்காங்க. நாமளும்...?

கூடாது. நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை பழைய கல்தச்சர்கள் வெட்டியவை. தொழில் பழகும் தச்சர்கள் நாடு சுற்றி வேலை கற்கும் வழக்கம் பிரான்ஸில் இருந்தது. இந்தப் பாலத்தைப் பார்ப்பது அந்தப் பயணத்தில் ஒரு கட்டாயம். பேரையும், சிலர் உளி, சுத்தியல், மட்டக்கோல் படங்களையும் அழகாகச் செதுக்கிவிட்டுப் போனார்கள். இது 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், இப்போது சாவியால் கீறினால் அபராதம்தான்.

5 யூரோ நோட்டுல இருக்கிறது இந்தப் பாலம்தானே?

நோட்டை எடுத்துப் பாலத்துக்கு முன் பிடித்துப் படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் அது இதுவல்ல. எந்த நாட்டுக்கும் சொந்தமாகத் தெரியக் கூடாது என்று யூரோ நோட்டுகளில் உள்ள பாலங்கள் எல்லாமே கற்பனையாக வரையப்பட்டவை, ஐந்து யூரோவில் இருப்பது பழங்கால ரோமானியப் பாணி. வேடிக்கை என்னவென்றால், நெதர்லாந்தில் ஸ்பெய்க்கனிஸ என்ற ஊரில் நோட்டில் உள்ள பாலங்களைப் பார்த்து நிஜமாகவே சின்னதாகக் கட்டிவிட்டார்கள். ஆகவே ஐந்து யூரோ பாலம் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

தண்ணி கடைசியா எங்க போய்ச் சேர்ந்துச்சு? அதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், காசு கொடுக்கவும் வேண்டாம். நீம் நகரத்துக்குள் லாம்பேஸ் தெருவில், வீடுகளுக்கு நடுவே கம்பிவேலிக்குள் இருக்கிறது. பாறையில் வெட்டிய வட்டத் தொட்டி, ஐந்தாறு மீட்டர் விட்டம். 50 கிலோமீட்டர் வந்த தண்ணீர் ஒரு சதுரத் திறப்பு வழியாக இதில் விழும். எதிர்ச்சுவரில் தலை நுழையும் அளவுக்குப் பத்து வட்டத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஈயக்குழாய் பொருத்தி, நீரூற்றுக்கு, குளியல் மண்டபத்துக்கு, பணக்காரர் வீட்டுக்கு என்று பிரித்து விட்டார்கள். 1844இல்தான் மண்ணுக்குள்ளிருந்து இது வெளிப்பட்டது. ரோமானிய உலகத்தில் இப்படித் தண்ணீர் பங்கிட்ட தொட்டி மிஞ்சியிருப்பது மிகக் குறைவு, இத்தாலியின் பொம்பெயி நகரத்தில் ஒன்று உண்டு.

பாலத்துக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவார்களா என்பது சந்தேகம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், அரை மணி நேரத்துக்குள். காரில் வந்தால் அந்தத் தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது, கீழே விட்டுவிட்டு ஏறி வாருங்கள்.